பால்வேளையும் பணிவேளையும்: இந்தியத் தொழிற்சட்டங்களில் பாலூட்டும் தாய்

முன்னுரை

மகப்பேற்றுக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்ணைப் பற்றிய இந்தியச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் விடுப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை வாரம் விடுப்பு, எவ்வளவு உதவித்தொகை, அதனைக் கொடுக்க வேண்டியவர் அரசா முதலாளியா என்னும் வினாக்களே அவ்வெழுத்துகளில் முன்னிற்கின்றன. விடுப்பு முடிந்த மறுநாள் காலையில் தொடங்கும் சிக்கல், அதாவது தாய் ஓரிடத்திலும் பால்குடிக் குழந்தை வேறோரிடத்திலும் இருக்கும் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம், அந்த அளவு கருதப்படவில்லை. அந்த மணிகளைப் பற்றிச் சட்டங்கள் சொன்னதையும் சொல்லாது விட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே எத்தனை அடித் தொலைவு இருந்தது என்பதைப் பொறுத்தே சட்டம் தந்த பால் இடைவேளை பயன்பட்டது, அல்லது பயனற்றுப் போனது என்பது இதன் துணிபு.

வேளாண்மையை நம்பிய சிற்றூரில் இத்தொலைவு பெரிய சிக்கலாக இருந்ததில்லை. வயல் வரப்பின் மரக்கிளையில் சேலையால் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு நாற்று நடும் பெண், அழுகுரல் கேட்கும் தூரத்தில் இருந்தாள். கரையேறிச் சென்று பால் கொடுத்துவிட்டு மீண்டும் வயலில் இறங்கினாள். அவ்வாழ்வில் வறுமை இல்லை என்பதன்று இதன் பொருள். தொலைவு இல்லை என்பதே. செல்வர் மனையின் நிலை வேறு. பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என நிகண்டு வகுக்கும் ஐவகைத் தாயருள் முலைத்தாய் பிறர் குழந்தைக்குப் பாலூட்டுபவள். அவளும் தன் பாலைத் தந்து வாழும் உழைப்பாளியே. அவள் பெற்ற குழந்தை எவர் பாலைக் குடித்தது என்று நிகண்டு சொல்வதில்லை. ஆயினும் பெருந்திரளான தாய்மார் ஒருங்கே குழந்தையைப் பிரிந்து, மணியடித்ததும் உள்ளே சென்று, மறுமணி அடிக்கும் வரை வெளிவர இயலாத நிலை, நீராவி ஆலையோடு வந்ததாகும்.

பம்பாய் ஆலைகளும் அபினி உருண்டையும்

1850களில் தோன்றிய பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் 1920களின்போது தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பெண்கள். அவர்களிற் பெரும்பாலோர் தொழிலாளர் வழக்கில் வைண்டிங், ரீலிங் எனப்பட்ட நூல் சுற்றும் பிரிவுகளிலும் சிட்டமிடும் பிரிவுகளிலும் இருந்தனர். அப்பிரிவுகளில் நாட்கூலி இல்லை. முடித்த நூலின் அளவுக்கே கூலி. இச்செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. பால் கொடுக்க எழுந்து செல்வதை மேற்பார்வையாளர் தடுக்காத இடத்திலும், எழுந்து சென்ற ஒவ்வொரு நிமிடமும் தாயின் கூலியிலிருந்தே கழிந்தது. தடை வாயிற்காவலனிடம் மட்டும் இல்லை, கூலிக் கணக்கிலும் இருந்தது.

1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் 11 மணி என வரையறுத்து, ஒன்றரை மணி ஓய்வும் தந்தது. 1922ஆம் ஆண்டுத் திருத்தம் வாரத்திற்கு 60 மணி என்றது. குடியிருப்பிலிருந்து நடந்து வருவதையும் திரும்புவதையும் கூட்டினால் குழந்தை பன்னிரண்டு மணி நேரம் வரை தாயைக் காணாது கிடக்க நேர்ந்தது. அதனை யார் பார்த்துக்கொள்வது? மூத்த குழந்தையோ, கிழவியோ, அண்டை அறைக்காரியோ பார்த்துக்கொண்டனர். பசித்தழும் குழந்தையை அமைதிப்படுத்த அவர்கள் கையில் இருந்தது அபினி.

பம்பாயில் குழந்தைகளுக்கென்றே விற்கப்பட்ட அபினி உருண்டைகளுக்குப் 'பாலகோலி' என்று பெயர். தமிழ்ச் செவிக்கு இப்பெயர் பாலோடு தொடர்புடையதாக ஒலிக்கும். மராத்தியில் அதன் பொருள் குழந்தை மாத்திரை என்பதே. எனினும் பாலின் இடத்தைத்தான் அது பிடித்துக்கொண்டது. ஆலைப் பெண்களின் மகப்பேற்று நிலையை ஆராய அரசால் அமர்த்தப்பட்ட மருத்துவர் பார்ன்ஸ் அம்மையாரின் 1922ஆம் ஆண்டு அறிக்கை, பெண் தொழிலாளரின் குழந்தைகளுள் நூற்றுக்கு 98 பேருக்கு அபினி கொடுக்கப்படுவதாகக் கூறியது. பின்னாளில் அபினி எதிர்ப்பாளர்கள் பலரும் எடுத்தாண்ட எண் இது. அபினி அக்காலத்தில் அரசின் தனியுரிமைப் பொருள். உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டு ஆயத்தீர்வை வருவாய் ஈட்டியது. ஆலைக் குழந்தைக்குப் பால் நேரம் ஒதுக்கச் சட்டம் செய்யாத அரசு, அக்குழந்தை உறங்கிக் கிடப்பதற்கான உருண்டையிலிருந்து வருவாய் பெற்றது என்பது வலிந்து கூறுவதன்று. கணக்கேடுகளின் நிலை அதுவே.

1921இல் பம்பாயில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 666 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்ததாக நகரப் பதிவேடு காட்டுகிறது. இவ்வெண்ணை அப்படியே ஏற்பது தவறு. மகப்பேற்றுக்காக ஊருக்குச் சென்ற பெண்களின் குழந்தைகள் பிறந்தது கொங்கணத்துச் சிற்றூர்ப் பதிவில். தாயோடு நகருக்குத் திரும்பியபின் இறந்தது நகரப் பதிவில். பிறப்பு குறைத்தும் இறப்பு நிறைத்தும் எழுதப்பட்டமையால் வீதம் பெருகித் தோன்றியது. எனினும் அதே பிழை இன்னொன்றையும் வெளிப்படுத்துகிறது. ஊரில் பிழைத்திருந்த குழந்தை, தாய் வேலைக்குத் திரும்பிய பின்னரே இறந்தது. இறப்பைக் கூட்டிக் காட்டும் எண் என்று இதனை ஒதுக்குவோர் இப்பகுதியைக் காணத் தவறிவிடுகின்றனர்.

வாஷிங்டன் உடன்படிக்கையும் சட்டமன்ற விவாதங்களும்

1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்புக்கென மூன்றாம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. மகப்பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் விடுப்பு என்பதோடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இடைவேளை தரப்பட வேண்டும் என்றும் அது கூறிற்று. உழைக்கும் தாயின் பால் பன்னாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது இம்முதன்முறையே. இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. இதன்பின் வந்த 1952, 2000ஆம் ஆண்டு உடன்படிக்கைகளையும் ஏற்புறுதி செய்யவில்லை.

1924இல் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மைய சட்டமன்றத்தில் மகப்பேற்று நல மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1925இல் தோற்கடிக்கப்பட்டது. பின்னர் முயற்சி மாகாணங்களுக்கு மாறியது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928இல் நடந்த விவாதத்தில் அம்பேத்கர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்குரிய ஓய்வு நாட்டின் நலனைச் சார்ந்தது, எனவே அதன் செலவில் அரசுக்கும் பங்குண்டு, பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் அதை ஏற்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1929இல் பம்பாய் மகப்பேற்று நலச் சட்டம் நிறைவேறியது. மத்திய மாகாணம் 1930இலும், சென்னை மாகாணம் 1930களின் நடுவிலும் இவ்வழியைப் பின்பற்றின.

பம்பாய்ச் சட்டப்படி மகப்பேற்றுக்குப் பின் நான்கு வாரம் பெண்ணை வேலைக்கு வைத்தல் கூடாது. அதாவது ஒரு மாதக் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் ஆலைக்குத் திரும்பலாம். பச்சிளங் குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும் பருவம் அது. ஓய்வுக்கும் உதவித்தொகைக்கும் நடந்த நெடிய போராட்டத்தில், திரும்பிய பின் பால் என்னாகும் என்னும் வினா ஏறத்தாழ எழுப்பப்படவேயில்லை. அன்றைய தலைவர்களை இதற்காகக் குறை கூறுவதும் பொருந்தாது. மகப்பேற்றுக்கு முதல்நாள் வரை நூல் சுற்றிய பெண்ணுக்கு ஒரு மாதக் கூலி பெற்றுத் தருவதே மலையாக இருந்த காலம் அது.

சட்டத்தின் வேறொரு குறையை அக்காலத்தவரே கண்டனர். உதவித்தொகை முழுவதையும் அந்தந்த முதலாளியே தர வேண்டியிருந்தமையால், கருவுற்றது தெரிந்ததும் பெண்ணை நீக்குவதும், மணமான இளம்பெண்களை எடுக்காமல் விடுவதும் தொடங்கின. 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. எல்லாத் தொழிலாளரும் முதலாளிகளும் செலுத்தும் பொது நிதியிலிருந்து மகப்பேற்றுத் தொகை வழங்கப்பட்டது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. பணச் சுமை இவ்வாறு பொதுவாயிற்று. குழந்தையைப் பணியிடத்தில் வைத்துக்கொள்ளும் சுமை தனி முதலாளியிடமே தங்கிவிட்டது.

அரை மணி கால் மணி ஆனமை

1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் செய்யும் விதிகளை இயற்றும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இதனைக் கட்டாயமாக்கியது. காப்பகத்தில் குழந்தைக்குப் பாலோ சிற்றுணவோ இலவசமாக வழங்கவும், தாய்மார் உரிய இடைவெளிகளில் வந்து பாலூட்டவும் வழி செய்யும் விதிகளை மாநில அரசுகள் இயற்றலாம் என்று அப்பிரிவு கூறிற்று.

மாநிலங்கள் இயற்றிய விதிகளே உண்மையான வரலாறு. குழந்தைக்கு 20 சதுர அடித் தளம், ஒவ்வொன்றுக்கும் தொட்டில், கழுவுமிடம், சோப்பு, துண்டு என அவை நுணுக்கமாகச் செல்கின்றன. குழந்தையொன்றுக்கு நாள்தோறும் அரைப் பைண்ட், அதாவது ஏறத்தாழ கால் லிட்டர், தூய பால் இருக்க வேண்டும் என்றும், தாய்க்குக் குறைந்தது 15 நிமிடம் கொண்ட இரண்டு இடைவேளைகள் தரப்பட வேண்டும் என்றும் பல மாநில விதிகள் ஒரே தொடரில் கூறின. மாட்டுப்பாலும் தாய்ப்பாலும் ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றுள்ளமை நோக்கத்தக்கது. தாய் கொடுக்க முடியாததை ஆலை ஈடுசெய்யும் என்பது விதியின் உட்கிடை.

வாஷிங்டனில் அரை மணியாக இருந்தது இந்திய விதிகளில் கால் மணியாயிற்று. ஒரு நாளில் ஒரு மணி நேரமாக இருக்க வேண்டியது அரை மணியாகக் குறைந்தது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை, வழக்கமான ஓய்வுவேளைக்கு மேலாக இரண்டு பால் இடைவேளைகளை வழங்கியது. அளவைச் சட்டம் சொல்லவில்லை, விதிகளுக்கு விட்டுவிட்டது. சுரங்கங்களுக்கும் சர்க்கஸ் நிறுவனங்களுக்குமான 1963ஆம் ஆண்டு விதிகள் மீண்டும் 15 நிமிடம் என்றே வரையறுத்தன. ஆனால் அவ்விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. காப்பகத்துக்குச் சென்று மீள்வதற்கான நடைநேரம் தனியே சேர்த்துத் தரப்பட்டது. தொலைவு என்பது சட்டத்தின் கண்ணில் பட்ட அரிய இடங்களுள் இது ஒன்று.

பதினைந்து நிமிடம் போதுமா என்பதற்கு உடலியல் விடை தருகிறது. குழந்தை உறிஞ்சும்போது தூண்டப்படும் நரம்புச் செய்தியால் மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் இரு இயக்குநீர்கள் வெளிப்படுகின்றன. முன்னது பாலை உண்டாக்குகிறது. பின்னது சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. பின்னதன் இயக்கம் அச்சம், பரபரப்பு, வலி ஆகியவற்றால் தடைபடும். மேற்பார்வையாளரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டும் தாய்க்குப் பால் இறங்கவே சில நிமிடங்கள் ஆகலாம். மார்பில் தேங்கிய பால் எடுக்கப்படாவிடின் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் உண்டாவதோடு, சுரப்பே நாளடைவில் குன்றும். எனவே பகலில் ஊட்டாத தாய் இரவில் மட்டும் ஊட்டி ஈடுகட்ட எண்ணினும், பல நேரங்களில் பால் வற்றிப் போகிறது. நாட்டுப்புற வழக்கில் பால் மறக்கடித்தல் என்பது தாய் தானே தேர்ந்த காலத்தில், வேப்பெண்ணெய் தடவியோ பிற உணவைப் பழக்கியோ செய்வது. ஆலைத் தாயின் குழந்தைக்குப் பால் மறக்கடித்தவர் எவருமில்லை. பணிநேரம் அதைச் செய்தது.

தலையெண்ணிக்கையின் விளைவு

50 பெண்கள் என்னும் வரம்பு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 30 எனக் குறைக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் கடமை பெண்களின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்த வரை, முதலாளி அக்கடமையிலிருந்து விடுபட எளிய வழி பெண்களைக் குறைப்பதே. முப்பத்தோராவது பெண்ணை வேலைக்கு எடுப்பதில் ஒரு தொட்டில் அறையின் செலவும் அடங்கியிருந்தது. பருத்தி ஆலைகளில் பெண்களின் பங்கு விடுதலைக்குப் பின் வெகுவாகச் சுருங்கியமைக்கு இதுவே காரணம் என்று கூறுவது மிகை. இரவுப்பணித் தடை, நூல் சுற்றும் பிரிவுகளில் வந்த புதிய எந்திரங்கள், ஆண் தொழிலாளரின் வேலையைக் காக்க முனைந்த சங்கங்களின் போக்கு ஆகியனவும் சேர்ந்தே அதனை உண்டாக்கின. இருப்பினும் காப்பகச் செலவு முதலாளியின் கணக்கில் பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. தந்தைக்கும் குழந்தை உண்டு என்னும் எளிய உண்மையைச் சட்டம் ஏற்க 2017 வரை ஆயிற்று.

தோட்டம், சுரங்கம், கட்டுமானம்

தொலைவு குறைவாக இருந்த இடங்களில் சட்டம் ஓரளவு உயிர்பெற்றது. இதற்குத் தேயிலைத் தோட்டங்களே சான்று. தொழிலாளருள் பாதிக்கு மேல் பெண்கள். குடியிருப்பு தோட்டத்துக்குள்ளேயே லயங்களில். மூணாறு, வால்பாறை, நீலகிரி மலைகளில் கொழுந்து பறித்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவு, 50 பெண்கள் உள்ள தோட்டங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் ஒரு சிறந்த மாற்றத்தைச் செய்தது. பெண்கள் ஐம்பதின்மர் இல்லாவிடினும், அவர்களின் குழந்தைகள் இருபதின்மர் இருந்தால் போதும் என்றது. சட்டம் தாயை விட்டுக் குழந்தையையே எண்ணத் தொடங்கிய இடம் இது. பிற துறைச் சட்டங்கள் இதைப் பின்பற்றியிருப்பின் இவ்வரலாறு வேறாக இருந்திருக்கும். தோட்டத்திலும் இடர் இல்லாமலில்லை. பறிக்கும் மலைச்சரிவு நாளுக்கு நாள் மாறும், காப்பகம் மாறாது. மேலதிகக் கொழுந்துக்கு எடைக்கணக்கில் கூலி என்பதால், இறங்கி ஏறும் நேரம் இங்கும் கூலியைத் தின்றது. பம்பாயின் சிட்டக் கணக்கு இங்கே கிலோக் கணக்காயிற்று.

சுரங்கங்களுக்கு 1941இல் தனி மகப்பேற்றுச் சட்டமும் 1946இல் காப்பக விதிகளும் வந்தன. கட்டுமானத் தொழிலில் நிலை கடினமானது. பணியிடமே நிலையற்றது, ஒப்பந்தக்காரர் மாறுவார், ஊர் மாறும். 1969இல் தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானப் பணி நடந்தபோது, மண்ணிலும் கற்குவியலிடையேயும் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுவே 'மொபைல் கிரெஷஸ்' என்னும் அமைப்பாக வளர்ந்தது. கட்டடம் எழும்பும் இடத்துக்குக் காப்பகம் இடம்பெயரும். கட்டடம் முடிந்ததும் அடுத்த இடத்துக்குச் செல்லும். சித்தாள் தாய் செங்கல் இறக்கிய கையோடு வந்து பால் கொடுத்துச் செல்ல அது இடமளித்தது. தாயைக் குழந்தையிடம் அனுப்புவதற்கு மாறாகக் குழந்தையின் இடத்தைத் தாயோடு நகர்த்திய இம்முறை, நூற்றாண்டுக் காலச் சட்டச் சிந்தனையில் எவருக்கும் தோன்றாத ஒன்று. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைக் கடமையாக்கியபோது, பழைய 50 பெண்கள் என்னும் வரம்பையே மீண்டும் எடுத்துக்கொண்டது.

புட்டிப்பாலும் பீய்ச்சிய பாலும்

அபினிக்குப் பின் அவ்விடத்தை நிரப்ப வந்தது டப்பாப் பால்மா. மைசூர் மைய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் செய்முறையால் எருமைப்பாலிலிருந்து குழந்தையுணவு ஆக்கும் தொழில் இந்தியாவிலேயே வளர்ந்தது. அலுவலகம் செல்லும் நடுத்தர வகுப்புத் தாய்க்கு அது கைகொடுத்தது. தூய நீரும் கொதிக்க வைக்க எரிபொருளும் இல்லாத குடிசையில் அதே புட்டி வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தது. விலை தாங்காமல் நீர்க்கக் கரைத்த பால் சத்துக்குறைவை உண்டாக்கியது. 1992இல் இயற்றப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள் சட்டம் இப்பொருள்களுக்கும் பால்புட்டிகளுக்கும் விளம்பரத்தைத் தடை செய்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் இறுக்கியது. உலகின் கண்டிப்பான சட்டங்களுள் ஒன்றாக இது கருதப்படுவது உண்மையே. ஆயினும் விற்பவன் வாயைக் கட்டிய இச்சட்டம், வாங்க வேண்டிய நிலைக்குத் தாயைத் தள்ளிய பணிநேரத்தைத் தொடவில்லை.

2001இல் உலகச் சுகாதார மன்றம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே தருக என்னும் பரிந்துரையை ஏற்றது. அவ்வேளையில் இந்தியச் சட்டம் அளித்த மகப்பேற்று விடுப்பு 12 வாரம். மருத்துவமனைச் சுவரொட்டி ஆறு மாதம் என்றது. அலுவலகம் மூன்று மாதம் என்றது. இடைப்பட்ட மூன்று மாதத்தை நிரப்பும் வழி பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்தலே. கையால் பீய்ச்சுவதை மருத்துவமனைகளில் தாதியர் கற்பித்தனர். மும்பை சயானில் உள்ள லோகமான்ய திலகர் மருத்துவமனையில் 1989இல் மருத்துவர் அர்மிதா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி, பீய்ச்சிய பாலைப் பதப்படுத்திக் குறைமாதக் குழந்தைகளுக்குத் தர முடியும் என நிறுவியது. பார்ன்ஸ் அம்மையார் அபினிக் கணக்கெடுத்த அதே நகரில், ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது இது.

பீய்ச்சும் கருவி தொலைவுச் சிக்கலைப் புதிய முறையில் தீர்க்கிறது. குழந்தையைக் கொண்டுவர வேண்டுவதில்லை, பாலைக் கொண்டுபோகலாம். ஆனால் அதற்குத் தாழிட்ட அறை, கை கழுவ நீர், குளிர்பதனப் பெட்டி, இடையூறற்ற அரை மணி நேரம் ஆகியன வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய இடைவேளை 'குழந்தைக்குப் பாலூட்டுவதற்கு' என்பதே. குழந்தை அங்கில்லாதபோது பாலை எடுத்து வைக்கும் தாய் அத்தொடருக்குள் அடங்குவாளா என்பது தெளிவின்றியே நின்றது. கழிப்பறையில் நின்றுகொண்டு பால் பீய்ச்சி, அதனைக் கீழே ஊற்றிவிட்டு மேசைக்குத் திரும்பும் பெண்ணை எந்த விதியும் கணக்கில் கொள்ளவில்லை.

2017க்குப் பின்

அரசுப் பணியில் நிலை முன்னதாகவே மாறியது. மைய அரசு ஊழியர்க்கு 1997இல் 135 நாளாகவும் 2008இல் 180 நாளாகவும் விடுப்பு உயர்ந்தது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்க்கு 2016இல் ஒன்பது மாதமும் 2021இல் பன்னிரண்டு மாதமும் ஆக்கியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் துறையிலும் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் என்றது. ஆறு மாதம் என்னும் மருத்துவப் பரிந்துரையைச் சட்டம் ஒருவாறு எட்டிப்பிடித்தது. அதனினும் முதன்மையானது காப்பக விதி. 50 பணியாளர் உள்ள நிறுவனம் காப்பகம் அமைக்க வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்குமுறை அங்குச் செல்லலாம். பெண்கள் 50 பேர் என்னாது பணியாளர் 50 பேர் என்றதால், பெண்ணைத் தவிர்த்துக் கடமையைத் தவிர்க்கும் வாயில் அடைபட்டது. 2018இல் வெளியான வழிகாட்டு நெறிகள் காப்பகம் 500 மீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தன. தொலைவு முதன்முறையாக மீட்டரில் எழுதப்பட்டது.

ஆனால் 26 வாரக் கூலியையும் முதலாளியே தர வேண்டும் என்பது 1929இன் பழைய குறையை மீண்டும் உயிர்ப்பித்தது. ஈட்டுறுதி வரம்புக்கு மேல் ஊதியம் பெறும் பெண்களை எடுக்கச் சிறு நிறுவனங்கள் தயங்குகின்றன என்னும் முறையீடு திருத்தம் வந்த நாள்தொட்டுக் கேட்கப்படுகிறது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 15 மாதம், இரண்டு இடைவேளை, 50 பணியாளர், நான்கு வருகை ஆகிய அனைத்தும் அதில் அவ்வாறே எடுத்தெழுதப்பட்டன. இடைவேளையின் அளவு இம்முறையும் விதிகளுக்கே விடப்பட்டது.

சட்டத்தின் எல்லைக்கு அப்பால்

இதுவரை கூறியவை பெயர்ப்பதிவேட்டில் பெயருள்ள பெண்களைப் பற்றியவை. இந்தியாவில் உழைக்கும் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் அதற்கு வெளியே உள்ளனர். தில்லி மாநகராட்சியின் நாட்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்று நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது; சாலையில் கல் சுமந்த பெண்கள் பெற்ற பெரும் வெற்றி அது. இலா பட் தலைமையிலான ஆணையத்தின் 1988ஆம் ஆண்டுச் 'சிரமசக்தி' அறிக்கை, வீட்டிலும் வயலிலும் தெருவிலும் உழைப்போரின் மகப்பேற்று நலனையும் குழந்தைப் பராமரிப்பையும் எடுத்துரைத்தது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் இருந்தால் ஒரு பெண்ணை அவர்களைக் காக்கவே அமர்த்த வேண்டும் என்றது. அங்கே குழந்தைகள் ஐவர் போதும். பெண்கள் ஐம்பதின்மர் வேண்டுவதில்லை. ஏரிக்கரையில் மண் வெட்டும் பணி, மீண்டும் ஏணை கட்டும் தொலைவுக்குத் தாயையும் சேயையும் கொண்டுவந்தது எனலாம்.

வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு இதுவும் இல்லை. அவள் நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். எவரும் அவளுக்குத் தனி முதலாளி இல்லை. நான்கு வீடுகளிலும் குழந்தையைக் கொண்டுவர இசைவும் இல்லை. பல வேளைகளில் அவள் பார்த்துக்கொள்வது, 26 வார விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பிய வேறொரு தாயின் குழந்தையை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து பீய்ச்சிய பாலை எடுத்து இளஞ்சூடாக்கி அக்குழந்தைக்குப் புகட்டுபவள் அவளே. நிகண்டு சொல்லாது விட்ட முலைத்தாயின் குழந்தை இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது.

அரசின் உதவித் திட்டங்கள் இப்பெண்ணை ஓரளவு எட்டுகின்றன. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவி என்று கூற, 2017இல் தொடங்கிய மையத் திட்டம் முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய் என வகுத்தது. அவ்விதிமுறையின்படி அத்தொகை தவணைகளில் வரும். அங்கன்வாடியோடு இணைந்த 'பால்னா' காப்பகங்கள் 2022 முதல் அமைக்கப்படுகின்றன. அவை குழந்தைகளை ஏற்கும் வயது ஆறு மாதத்திலிருந்து தொடங்குகிறது. விடுப்பு உள்ள தாய்க்கு இது பொருந்தும் கணக்கு. 26 வாரம் முடியும் நாளில் காப்பகக் கதவு திறக்கிறது. விடுப்பே இல்லாத தாய் ஆறாவது வாரத்திலோ அதற்கும் முன்னரோ வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். அதற்குப் பின்னான நான்கரை மாதமும் அவள் குழந்தை, 1922இல் பம்பாய் ஆலைப் பெண்ணின் குழந்தை இருந்ததைப் போலவே, மூத்த குழந்தையின் மடியிலோ அண்டை வீட்டுக் கிழவியின் திண்ணையிலோ இருக்கிறது.